தூக்கிவிடும் வரை

மே 4, ஞாயிறு

கரட்டுத் தோட்டத்தில் காதுகுத்து. வாடகைக்குப் போனது சேர் நூற்றைம்பது, சாமியானா இரண்டு, அண்டா மூன்று. சாயங்காலத்துக்குள் எல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டன. அறுபதடி நைலான் கயிறு ஒன்றுதான் வரவில்லை. நுனியில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கயிறு. என் சாமான் எதுவும் பெயிண்ட் அடையாளம் இல்லாமல் வெளியே போகாது. டிரைவர் சின்னானைக் கேட்டால், எவனோ ஒரு பையன் மத்தியானம் ஓடிவந்து சாமியானாக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டானாம். வீட்டுக்காரர்கள் திருடன் திருடன் என்று கத்தினார்களாம்.

“கயித்தத் திருடி அவன் என்ன, தூளி கட்டப் போறானா?” என்றேன்.

“அத அவனத்தானுங்க கேக்கோணும்” என்கிறான். வாய்க்குக் குறைச்சலில்லை.

இருட்டும்போது கெட்ட செய்தி வந்தது. தையல்கார வளர்மதியின் பையன் கிஷோர் கல்குவாரிக் குழியில் விழுந்து செத்துப்போனான். பதினைந்து வயது, ஒரே பிள்ளை. குளிக்கப் போன இடத்தில் வழுக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். தீயணைப்பு வண்டி வந்து எடுத்தார்களாம். கூடப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவன் என் தங்கை கலாமணியின் மகன் தரணீஷ். இன்னொருவன் மேற்கே காலனி ரங்கன் மகன் மாதேஷ். மூன்று பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

நாளைக்கு ஃப்ரீசர் பெட்டி தேவைப்படும். சின்னானிடம் துடைத்து வைக்கச் சொன்னேன்.

மே 5, திங்கள்

பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து உடலைக் கொடுத்தார்கள். பெட்டியை நானே கொண்டுபோனேன். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை எழவு வீடு பார்த்திருப்பேன்! இருபத்து நாலு இரும்பு மடக்கு நாற்காலியோடு ஆரம்பித்த தொழில். கல்யாணத்துக்குக்கூட மறந்து போவார்கள். எழவுக்கு முதல் போன் எனக்குத்தான் வரும். போனதும் நான் பார்ப்பது பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்பதை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

ஊரே வாசலில் நின்றது. தரணீஷ் வந்தான். நேராகப் போய் வளர்மதியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “அம்மா, நாங்க கூட்டிட்டுப் போனதாலதானுங்கம்மா” என்று கதறினான். பார்த்த பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். அந்தத் தாயே குனிந்து அவன் தலையைத் தடவினாள். தாய்மாமன் நான்தானே, இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டேன். கை பச்சைக் குழந்தையின் கை போல மெத்தென்று இருந்தது.

மாதேஷ் சாமியானாக் காலோரம் தனியாக நின்றான். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. துணி நனைந்து சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் துணியை விலக்கி இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். தோல் உரிந்து கிடந்தது. மருந்துக்குக் காசு கேட்கிறான் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

“நீயும் கால்ல உளுடா” என்று கூட்டத்தில் யாரோ அதட்டினார்கள்.

“நான் எதுக்குங்க உளோணும்?” என்றான்.

அவ்வளவுதான், ஆளாளுக்குக் கத்தினார்கள். “திமிரப் பாரு! செத்தவன் ஊட்டுல நின்னு பேசற பேச்சா இது?” ரங்கன் ஓடிவந்து மகனை இழுத்துக்கொண்டு போனான். பையன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மே 6, செவ்வாய்

பெட்டி திரும்பியது. கழுவி வைத்தாயிற்று.

மே 8, வியாழன்

பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதாம். மண்டையில் கல்லடி. விழுந்து பட்டதல்ல என்று டாக்டர் எழுதியிருக்கிறார். கிஷோரின் செல்போன் மாதேஷ் குளிக்கக் கொண்டுபோன பைக்குள் இருந்து கிடைத்தது. தரணீஷைத் தனியாக விசாரித்தபோது, மாதேஷ்தான் போனுக்காகக் கல்லால் அடித்தான், பயத்தில் முதலில் சொல்லவில்லை, தானே குழிக்குள் இறங்கிக் காப்பாற்றப் பார்த்தேன் என்று அழுதிருக்கிறான்.

வணிகர் சங்கத் தலைவர் என்பதால் ஸ்டேஷனில் என்னையும் கேட்டார்கள். எழவு வீட்டில் பார்த்ததைச் சொன்னேன். தரணீஷ் காலில் விழுந்து அழுதான். மாதேஷ் விழ மறுத்தான். துளி வருத்தமும் அவனிடம் தெரியவில்லை. எழுதிக்கொண்டார்கள். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். நான் பார்த்ததைத்தான் சொன்னேன்.

மே 9, வெள்ளி

இரண்டு பையன்களையுமே சிறார் கூர்நோக்கு இல்லத்தில் வைத்துவிட்டார்கள். முழு விசாரணை முடியும்வரை அப்படித்தானாம். கலாமணி கடைக்கு வந்து கல்லாப் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் புருஷன் லாரியில் வடக்கே லோடு போயிருக்கிறான், வர இரண்டு மாதமாகும். “அண்ணா, நீதாண்ணா பாத்துக்கோணும்” என்றாள். பார்க்காமல் யார் பார்ப்பார்கள்?

மே 21, புதன்

தரணீஷுக்கு ஜாமீன். சிறார் வாரியத்தில் நீதிபதியம்மாவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு சமூக சேவகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டெல்லாம் கிடையாது, சாதாரண மேஜை. உள்ளே போகும் முன்பே பையனிடம் சொல்லிக் கூட்டிப் போனேன்: கையைக் கட்டி நில்லு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, ஒவ்வொரு பதிலுக்கும் ‘ங்க’ போடு. சொல்லிக் கொடுத்ததற்கு மேலேயே செய்தான். கிஷோர் வீடு இருக்கும் தெருவில் இருக்கக் கூடாது, என் வீட்டில் என் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

மாதேஷுக்கு ஜாமீன் இல்லை. ரங்கனுக்காகக் கையெழுத்துப் போட ஆள் யாரும் வரவில்லை. ஜூன் 26 அன்று ஒரு முடிவெடுப்பார்களாம். பதினாறு வயது தாண்டிய பையன் பெரிய குற்றம் செய்திருந்தால், அவனைப் பெரியவன் போலவே விசாரிக்க வேறு கோர்ட்டுக்கு அனுப்பலாம் என்று சட்டம் இருக்கிறதாம். அனுப்பினால் அவன் வாழ்க்கை முடிந்தது.

வெளியே வந்ததும் தரணீஷ் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். “உங்களாலதானுங்க மாமா” என்றான். மனசுக்கு நிறைவாக இருந்தது.

மே 23, வெள்ளி

பையன் விடிகாலை எழுந்து, குளித்து, திருநீறு பூசி, கடை வாசல் கூட்டி நிற்கிறான். என் பெண் கல்யாணமாகிப் போனதிலிருந்து இந்த வீட்டில் இப்படி ஒரு ஒழுங்கில்லை.

மே 29, வியாழன்

இரண்டு கல்யாணம், ஒரு எழவு. எழவு வீட்டுக்குத் தரணீஷையும் கூட்டிப் போனேன். யாரென்றே தெரியாத கிழவருக்காகத் தேம்பித் தேம்பி அழுதான். விதவையம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “பெத்த பையன் மாதிரி அழுவறியே சாமி” என்றது. அவர்கள் பதினாறுக்கும் சேர், பாத்திரம் நம்மிடமே சொல்லிவிட்டார்கள்.

வண்டியில் ஏறியதும் முகத்தைத் துடைத்தான். “மாமா, பரோட்டா சாப்பிடலாங்களா?” என்றான். குரலில் அழுத ஈரம் கொஞ்சமும் இல்லை. எனக்கும் பசிதான். சாப்பிட்டோம்.

ஜூன் 2, திங்கள்

கிஷோருக்கு இன்று முப்பதாம் நாள் கும்பிட்டார்கள். தரணீஷைக் கூட்டிப் போவது என்று நான்தான் முடிவு செய்தேன். சாட்சிகளைப் பார்க்கக் கூடாது என்று உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கிறவனுக்கு ஊர்தானே கோர்ட்டு? அந்தத் தாய் நாலு பேர் முன்னால் மனசார மன்னித்துவிட்டால் பாதிக் கேசு முடிந்த மாதிரி. பெரியவர்கள் இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன்.

செருப்பை மாட்டும்போது பையன் கேட்டான்: “மாமா, இன்னைக்கு எவ்வளவு நேரம் கால்ல கெடக்கோணுங்க?”

சாமியானா எத்தனை மணிக்குப் பிரிக்கலாம் என்று சின்னான் கேட்பானே, அதே மாதிரி. நானும் அதே மாதிரி பதில் சொன்னேன்: “யாராவது தூக்கி உடற வரைக்கும் கெட. நீயா எந்திரிக்காத.”

அப்படியே செய்தான். வளர்மதிதான் தூக்கிவிட்டாள். தூக்கிவிட்டு மகன் சட்டை ஒன்றை எடுத்துவந்து அவனுக்குக் கொடுத்தாள், போட்டுக்கொள்ளச் சொல்லி.

ஜூன் 3, செவ்வாய்

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்திருக்கிறான். கை கொஞ்சம் குட்டை என்று மட்டும் சொன்னான்.

ஜூன் 10, செவ்வாய்

வாரியத்தின் மனநல ஆலோசகர் மெஹருன்னிசா என்ற அம்மா வந்தது. முப்பது வயசிருக்கும். தோளில் பெரிய பை, பை நிறையத் தாள். தரணீஷிடம் ஒரு மணி நேரம் தனியாகப் பேசியது. பிறகு என்னிடம் வந்து, “முப்பதாம் நாளுக்கு அந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்களா சார்?” என்றது.

“ஆமாங்க. மன்னிப்புக் கேக்கத்தானுங்க.”

“உத்தரவைப் படிச்சீங்களா இல்லையா? இன்னொரு தடவை செஞ்சா நானே ஜாமீனை ரத்து செய்யச் சொல்லுவேன்.”

எனக்குக் கோபம்தான். ஆனால் நல்ல வியாபாரி கோபத்தை உடனே செலவு செய்ய மாட்டான். டீ வரவழைத்தேன். குடித்துக்கொண்டே அந்த அம்மா சொன்னது:

“எங்ககிட்ட இருக்கற கேள்வித்தாள் வெளிநாட்டுல தயாரிச்சது சார். மத்தவங்க வேதனை இவனைத் தொடுதா, செஞ்ச தப்புக்கு வருத்தப்படறானான்னு பாக்கறதுக்கு. அங்க பையங்க பெரியவங்களை எதிர்த்துப் பேசுவாங்க, அதுல தெரிஞ்சுடும். இங்க பொறந்ததுலேர்ந்து கும்பிடச் சொல்லிக் கொடுத்துடறோம். மரியாதைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு இந்தத் தாள் சொல்லாது.”

“அப்ப எம் பையனுக்கு என்னுங்க? பைத்தியமா?”

“இல்லவே இல்லை. பதினெட்டு வயசுக்குள்ள யாருக்கும் எந்தப் பேரும் ஒட்ட மாட்டோம். நிறையப் பசங்க மாறுவாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். யாரும் பாக்காதப்ப அவன் எப்படி இருக்கான்?”

நான் பார்ப்பதில்லையே, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

கிளம்பும்போது, “மாதேஷ் வாயே திறக்கறதில்லை. ஒரே ஒரு தடவை, கயிறு எடுத்துட்டு வந்து இறங்கினேன்னு சொன்னான். எந்தக் கயிறுன்னு கேட்டா, கேக்க வேண்டியவங்களைக் கேளுங்கன்னுட்டான்” என்றது.

கயிறாம். நல்ல கதை.

சின்னான் இன்று வேலைக்கு வந்திருந்தான். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மரகதம் இப்போதெல்லாம் எங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் போடுகிறாள். முப்பத்து மூன்று வருடத்தில் போட்டதில்லை. கேட்டால் காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்கிறாள். இந்த வெயிலில் ஏது காற்று?

“அவன் உனக்கு என்னடி செஞ்சான்?”

“ஒண்ணுஞ் செய்யல. நேத்து அரிவாமணை என் கையை வெட்டிருச்சுல்ல, அப்ப வந்து நின்னான். துணி எடுத்துத் தருவான்னு பாத்தேன். சொட்டறதையே பாத்துட்டு நின்னான். நீங்க வந்த சத்தங் கேட்டதும் ‘ஐயோ அத்தை’ன்னு ஓடியாந்தான்.”

பெண்களுக்கு எப்போதும் சந்தேகம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். தாழ்ப்பாளை எடுக்கச் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போனால் போகட்டும்.

காலையில் கரட்டுத் தோட்டத்துக்குப் போனேன். அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. “நானும் வரட்டுங்களா மாமா?” என்று தரணீஷ் பின்னால் ஏறிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வாயில் வரவில்லை.

தோட்டத்து அம்மா நன்றாக ஞாபகம் வைத்திருந்தது. “ஆமாங்க, கருப்பா ஒல்லியா ஒரு பையன். வெசையா ஓடியாந்து கயித்த அவுத்தான். ஏன்டான்னு கத்துனா, ‘ஆளு உளுந்துருச்சுங்க, ஆளு உளுந்துருச்சுங்க’ன்னு சொல்லிட்டே ஓடுனான். திருட்டுப் பயன்னு நெனச்சுட்டோம். போலீசு யாரும் எங்களக் கேக்கலையே!” தரணீஷ் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்து, “நன்றிங்கம்மா” என்று சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

பக்கத்திலேயே இருக்கிற கல்குவாரிக் குழிக்கு நடந்தோம். வண்டிப் பாதைக்கு எதிர்ப்பக்கம் ஒரு வேலமரம். அதில் முடிச்சு. கயிறு பாறையில் உரசித் தொங்கியது. குவாரிக்காரர்கள் கயிறு என்று போலீஸ் விட்டிருக்க வேண்டும். மேலே இழுத்தேன். நுனியில் என் சிவப்புப் பெயிண்ட். நடுவில் ஓரிடத்தில் கறுத்துக் காய்ந்த கறை, ஒரு முழ நீளத்துக்கு. கையை உரித்த கறை.

“நம்ம கயிறுதானுங்க மாமா” என்றான் தரணீஷ். “மறந்தே போயிட்டேன். எடுத்து எரிச்சுப்போட்டா ஆச்சு.”

நான் அவனைப் பார்த்தேன். முகத்தில் பயமில்லை. மறைக்கிற மாதிரியும் இல்லை.

“மாதேஷா எறங்குனான்?”

“ஆமாங்க மாமா.”

“கிஷோரு எப்புடிடா உளுந்தான்?”

“தள்ளி உட்டேனுங்க.”

“சண்டையா?”

“இல்லீங்க மாமா. செல்பி எடுத்துட்டு நின்னான். தோணுச்சு.” கொஞ்சம் யோசித்தான், விட்டுப்போனதைச் சேர்க்கிறவன் போல. “உளுந்தவன் கீழ போகலீங்க. அதா, அந்தப் பாறையப் புடிச்சுட்டான். மாதேஷு கயிறு கொண்டாரேன்னு ஓடிட்டான். நான் பாத்துட்டு இருந்தேன், எவ்வளவு நேரம் புடிப்பான்னு. ரொம்ப நேரம் புடிச்சான் மாமா, நம்பவே மாட்டீங்க. மாதேஷு வர்ற சத்தம் கேட்டுது. அதான் கல்லப் போட்டேன். கிஷோரு கையில இருந்து மேலயே உளுந்த செல்போன மாதேஷு பையில வெச்சது அப்பறம்.”

வெயில் மண்டையைப் பிளந்தது. அப்போதுதான் கவனித்தேன், நான் விளிம்பில் நிற்கிறேன், அவன் எனக்குப் பின்னால் ஒரு அடியில்.

“ஏன்டா... அந்தப் பையன் உன்னையக் கூப்பிடலையா?”

“கூப்புட்டான். தரணி தரணின்னு.” தோளைக் குலுக்கினான். “உங்களுக்குப் புரியும் மாமா. எழவு ஊட்டுல எல்லாரும் அழுவாங்க. நீங்க பிளக் பாயிண்ட் எங்க இருக்குன்னு பாப்பீங்க. நானும் அப்புடித்தானுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அந்தத் தொந்தரவு இல்ல.”

கடைசியில் என் தொழில் புத்திதான் என்னை அந்த விளிம்பிலிருந்து நகர்த்தியது. “இப்ப எரிக்க வேண்டாம்டா. பகல்ல பொகை தெரியும். கயிறு இங்கியே கெடக்கட்டும், இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம், அவ்வளவு நிதானம்.

“நீங்க சொன்னா சரிங்க மாமா” என்று வழிவிட்டான். திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தான். மெத்தென்ற கை.

மரகதத்தை அவள் அக்கா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, கடைப் பின்கட்டில் நின்று மெஹருன்னிசா அம்மாவுக்குப் போன் செய்தேன்.

ஜூன் 21, சனி

வந்து கூட்டிப் போனார்கள். கயிற்றையும் எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கும்பிட்டு, “போய்ட்டு வரேனுங்க மாமா” என்றான்.

ஜூன் 23, திங்கள்

மே மாதப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். நான்காம் தேதி. கயிறு போனதை ஒரு பத்தியில் எழுதியிருக்கிறேன். அடுத்த பத்தியில் பையன் விழுந்ததை எழுதியிருக்கிறேன். மறுநாள் பக்கத்தில் ஒரு பையன் கையின் மென்மையும் இன்னொரு பையன் கையின் ரணமும். எல்லாம் என் கையெழுத்து. முப்பது பைசா வித்தியாசத்தை மூன்று நாள் தேடிக் கண்டுபிடிக்கிறவன் நான். இரண்டு பத்திக்கு நடுவில் இருந்தது என் கண்ணில் படவில்லை என்று யாரிடம் சொல்வேன்?

கலாமணி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“தாய்மாமனாண்ணா நீ! காதுகுத்துறப்ப மடியில வெச்சிருந்தவன்!”

“அவன் வாயால சொன்னான், தாயி.”

“சின்னப் பையன் பயத்துல என்னவோ ஒளறியிருப்பான். உன்னைய யாரு கேட்டா? எல்லாஞ் சரியாத்தான போயிட்டு இருந்துச்சு? அந்தக் காலனிப் பையனுக்காக எம் மகனக் குடுக்கறியா?”

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இன்னொன்றும் நினைவுக்கு வந்துவிட்டது. எட்டு வருடம் முன்பு, கோயில் நோம்பித் திருவிழாவில் ஏதோ ஒரு தகராறு. ரங்கனை ஊர் முன்னால் விழவைத்தார்கள். ஒவ்வொரு பெரியவர் காலிலும் தனித்தனியாக. மாதேஷ் அப்போது எட்டு ஒன்பது வயசுப் பிள்ளை, ஓரமாக நின்று அழுதான். அந்தப் பஞ்சாயத்துக்கு முப்பது சேர் போனது. என் சேர், என் பெயிண்ட்.

அந்தப் பிள்ளையிடம்தான் ‘கால்ல உளுடா’ என்றோம்.

ஜூன் 26, வியாழன்

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் பழைய வாக்குமூலத்தில் விட்டதையும் சேர்த்து. தோட்டத்து அம்மாவும் வந்து சொன்னது. டைரியை மேஜையில் வைத்தபோது நீதிபதியம்மா இரண்டு பக்கம் படித்துவிட்டு, “கையைப் பார்த்திருக்கீங்க. ஏன் சொல்லலை?” என்று கேட்டது. “பாக்க வேண்டாம்னு இருந்ததுங்க” என்றேன். வேறு உண்மை என்னிடம் இல்லை.

மாதேஷைப் பெரியவர்கள் கோர்ட்டுக்கு அனுப்பவில்லை. வீட்டுக்கு அனுப்ப உத்தரவு. தரணீஷுக்கு என்ன என்பதை மருத்துவர்களின் அறிக்கை வந்த பிறகு முடிவு செய்வார்களாம். எங்கே வைத்தாலும் அவனுக்குச் சிகிச்சை தொடர வேண்டும் என்று மெஹருன்னிசா அம்மா எழுதிக் கேட்டிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

வராந்தாவில் தரணீஷைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கண்டதும் ஓடிவந்து காலில் விழுந்தான். “மாமா, நான் செய்யலீங்க மாமா, என்னையக் காப்பாத்துங்க மாமா” என்று கத்தினான். வக்கீல்கள், காவலர்கள், வேறு பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள், எல்லாரும் நின்றுவிட்டார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தது. “தூக்கி உடுண்ணா! கல்லாண்ணா நீ!” என்று கலாமணி மார்பில் அடித்துக்கொண்டாள்.

கண்ணீர் என் பாதத்தில் விழுந்தது. நிஜக் கண்ணீர், சூடாக இருந்தது. என் கை இரண்டும் தாமாகவே முன்னால் போயின. ஐம்பத்தெட்டு வருடப் பழக்கம், காலில் விழுந்த பிள்ளையைத் தூக்காமல் இருந்ததில்லை. கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

நேரம் போனது. கூட்டத்தில் முணுமுணுப்பு. அழுகை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது. பிறகு நின்றது. எனக்கு மட்டும் கேட்கிற குரலில், அன்று செருப்பை மாட்டும்போது கேட்டது போலவே கேட்டான்:

“இன்னும் எவ்வளவு நேரமுங்க மாமா?”

ஜூலை 6, ஞாயிறு

டைரியை வாரியத்திலேயே வைத்துக்கொண்டார்கள். இருபத்தாறாம் தேதி எழுதியது போலவே இதையும் கடை நோட்டில் எழுதுகிறேன்.

வளர்மதி அந்தச் சட்டையைத் திருப்பிக் கேட்டு அனுப்பியிருந்தாள். மரகதம் துவைத்துக் கொடுக்கப் போனாள். துவைக்காமல் கொடுங்கள், அதில் இன்னும் அவன் வாசம் இருக்கும் என்று சொல்லிவிட்டாளாம். அதில் எவன் வாசம் இருக்கும் என்று அவளிடம் யார் சொல்வது? அப்படியே கொடுத்துவிட்டு வந்தாள்.

நான் ரங்கன் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்தத் தெருவுக்குள் நடந்து போனது இதுதான் முதல் தடவை. போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. காலில் விழுவதா? கையெடுத்துக் கும்பிடுவதா? இரண்டின் மேலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ரங்கன் வெளியே வந்தார். உட்காரச் சொல்ல வீட்டில் நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்தேன். அவரும் எதிரே உட்கார்ந்தார்.

மாதேஷ் கதவோரம் நின்றான். உள்ளங்கையில் தழும்பு வெளுத்துக் கோடாக ஓடியது.

“நான் எழுதிக் குடுத்தது தப்பு” என்றேன். “உன் கையப் பாத்தேன். பாத்துட்டுச் சொல்லல.”

“தெரியுங்க. சேப்புப் பெயிண்ட் உங்க கயிறுதான்னு தெரிஞ்சுதான் உங்களுக்குக் காட்டுனேன். கயிறு போனது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நீங்க சொல்லுவீங்கன்னுதான் கம்முனு இருந்தேன்” என்றான்.

ரங்கன் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தெட்டு நாள் அந்தப் பிள்ளை உள்ளே இருந்து என் வாயை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

எழுந்தபோது மாதேஷ் வாசல் வரை வந்தான். “அந்தக் கயிறு ஸ்டேசன்ல இருக்குதுங்க. எப்பத் தருவாங்கன்னு தெரியல.”

“அத உடு சாமி.”

“இல்லீங்க. தோட்டத்து ஊட்டுக்காரங்கள, உங்கள, யாரையுங் கேக்காம எடுத்துப்போட்டேன். தப்புதானுங்க. மன்னிச்சுக்குங்க.”

குனியவில்லை. கையைக் கட்டவில்லை. நேராக நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.